இதை எழுதாதீங்க, மேடம்

ஜாய்ஸ் என்பது நெல்டாவுக்கு வேலைக்காக வைத்த பெயர். தொலைபேசியில் மக்களின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்யும் அந்த அறையில் யாரும் சொந்தப் பெயரில் பேசக் கூடாது. அறுபத்து மூன்று வயதில் ஒரு புதுப் பெயர் கிடைத்ததில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். நெல்டா பேசினால் வார்த்தைகள் முண்டியடித்துக்கொண்டு வரும். ஜாய்ஸ் நிதானமானவள். யாரையும் வெறுக்காதவள், யாரும் கேலி செய்யாதவள். மதியம் ஒரு மணிக்கு ஹெட்போனை மாட்டியதும் வந்துவிடுவாள். ஐந்து மணிக்குக் கழற்றி வைக்கும்போது போய்விடுவாள்.

கார்வின் ஊரின் பழைய வணிக வளாகத்தில் முன்பு செருப்புக் கடை இருந்த இடம் அது. கடை மூடிப் பல வருடமாகியும், செருப்பைப் போட்டுப் பார்க்கச் சுவரின் அடியில் சாய்வாகப் பதித்திருந்த கண்ணாடிகளை யாரும் எடுக்கவில்லை. பேசிக்கொண்டே தலையைக் குனிந்தால் நெல்டாவுக்குத் தன் கால்கள் மட்டும் தெரியும். முகமில்லாமல் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு பேசுவது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தப் புதன்கிழமை கணினி தானாகவே ஓர் எண்ணைச் சுற்றியது. எண்கள் நாடு முழுவதிலிருந்தும் குலுக்கலில் வருபவை. அரிசோனா மாநிலம் வரும், மெய்ன் மாநிலம் வரும். ஒன்றரை வருடத்தில் கார்வின் எண் ஒன்றுகூட அவளுக்கு வந்ததில்லை.

"பேசுங்க, காதுல விழுது!" என்று ஓர் ஆண்குரல் கத்தியது.

டுவேன் பாலிச். மோட்டார் வண்டிகளுக்கு மின்கம்பிக் கட்டுகள் செய்த, நெல்டாவும் வேலை பார்த்த தொழிற்சாலையில், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே இருபத்திரண்டு வருடம் தொலைபேசியை எடுத்தவன். தொழிற்சாலை மெக்சிகோவுக்குப் போய்ப் பதினேழு வருடமாகியும் அவன் குரலில் இருந்து அந்தச் சத்தம் போகவில்லை.

அவள் மேசையில் குறியீட்டு அட்டை ஒட்டியிருந்தது. எண் ஒன்று, ஆள் இல்லை. எண் இரண்டு, மறுத்துவிட்டார். அப்படியே போய், எண் ஏழு: பதில் சொல்பவர் நமக்குத் தெரிந்தவர். அந்த எண்ணை அழுத்தி, மன்னிப்புக் கேட்டு, இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். விதி அது. அவள் விரல் ஏழின் மேல் போய் நின்றது.

நின்றதே தவிர அழுத்தவில்லை.

"வணக்கம் சார், என் பெயர் ஜாய்ஸ். நாட்டு மக்களின் கருத்தை அறிவதற்காக அழைக்கிறேன். நான் எதையும் விற்கவில்லை" என்றாள்.

"அதான் எல்லாரும் சொல்றது" என்றான் டுவேன். "சரி, கேளுங்க மேடம். அடுப்புல சூப் இருக்கு, அது பொங்கற வரைக்கும் உங்களுக்கு நேரம்."

அவன் தன்னை மேடம் என்று அழைத்ததில் நெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு வருடமாக அவன் அவளை அழைத்ததெல்லாம் 'சென்யோரா' என்றுதான். ஸ்பானிய மொழியில் அம்மணி. தொழிற்சாலை மூடுவதற்கு முன்பு, எல்லையைத் தாண்டி ஹுவாரெஸ் நகரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு வேலை கற்றுக் கொடுக்க ஆள் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. கார்வினில் யாரும் போகவில்லை. நெல்டா போனாள். ஆறு வாரம். திரும்பி வந்தபோது, கடைசி நாள் விருந்தில் அவள் நாற்காலியில் மெக்சிகோக்காரர்கள் போடும் பெரிய வைக்கோல் தொப்பி ஒன்று இருந்தது. வைத்தவன் டுவேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஜாய்ஸ் முதல் கேள்வியைப் படித்தாள். "பொதுவாகப் பார்த்தால், அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் அமெரிக்காவுக்கு நல்லதாக அமைந்திருக்கின்றனவா, கெட்டதாக அமைந்திருக்கின்றனவா?"

"கெட்டது. இதக் கேக்கறதுக்கு ஒரு போனா? எங்க ஊருக்கு வந்து பாருங்க. மெயின் ரோட்ல மூணு கடை திறந்திருக்கு. அதுல ரெண்டு அடகுக் கடை."

"நன்றி. உங்களையும் உங்கள் குடும்பத்தையும் எடுத்துக்கொண்டால், இந்த ஒப்பந்தங்கள் நன்மை செய்திருக்கின்றனவா, தீங்கு செய்திருக்கின்றனவா?"

அவள் விரல் 'தீங்கு' என்ற கட்டத்தின் மேல் தயாராக இருந்தது. மறுமுனையில் ஏதோ மூடி தடதடவென்று ஆடும் சத்தம் கேட்டது.

"எனக்கா?"

"ஆமாம் சார். உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும்."

"இது யாருக்கும் தெரியாதுதானே? பேர் போட மாட்டீங்களே?"

"பெயர் எங்கும் வராது சார்."

"நன்மை" என்றான் டுவேன்.

அவள் விரலை நகர்த்த வேண்டியிருந்தது. "நிச்சயமாக நன்மையா, ஓரளவுக்கு நன்மையா?"

"நிச்சயமா."

"ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்."

இந்த இடத்தில் அவர்கள் சொல்வதை ஓர் எழுத்து விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். திருத்தக் கூடாது, சுருக்கக் கூடாது, இருமினால்கூட அடைப்புக்குறியில் போட வேண்டும். நெல்டா அதில் கெட்டிக்காரி. கம்பிக்கு நாடா சுற்றிய விரல்கள்.

"நான் ரெண்டாம் ஷிப்டு, மேடம். மத்தியானம் மூணு மணிக்குப் போனா ராத்திரி பதினொண்ணு. வர்றப்ப அவ தூங்கியிருப்பா. காலையில அவ பள்ளிக்கூட கேன்டீனுக்குப் போயிருவா. இருபத்திரண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பொண்டாட்டி. ஃபேக்டரிய மூடினாங்க. வேலைய வெளிநாட்டுக்குப் பறிகொடுத்தவங்கன்னு கவர்மென்ட் ரெண்டு வருஷம் படிக்க வச்சுது, ஹீட்டர் ரிப்பேர். காலையில கிளாஸ், பன்னண்டு மணிக்கு வீடு. அடுத்த மாசமே அவளுக்கு அந்த நோய் தெரிஞ்சுது. கை போச்சு, கால் போச்சு, அப்புறம் பேச்சு. நாலு வருஷம். நாலு வருஷமும் நான் வீட்ல இருந்தேன். தலை பின்னக் கத்துக்கிட்டேன் மேடம். கம்பிக்கட்டு மாதிரிதான், மூணு இழை. நர்ஸ் பின்னினா கோரினுக்குப் பிடிக்காது, இழுக்குதுன்னு கண்ணால காட்டுவா. ஃபேக்டரி ஓடியிருந்தா நான் அங்க நின்னு கம்பி முறுக்கிட்டு இருந்திருப்பேன். அவ இங்க எவ கையிலயோ செத்திருப்பா."

நெல்டாவின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இதை எழுதாதீங்க, மேடம்" என்றான் டுவேன்.

விதிப்படி அவள் அதையும் எழுதினாள். *இதை எழுதாதீங்க, மேடம்.*

மீதிக் கேள்விகள் வயது, படிப்பு, எந்தக் கட்சி. ஜாய்ஸ் நன்றி சொன்னாள். "உங்கள் கருத்து மிகவும் முக்கியமானது" என்றாள். அது எல்லோருக்கும் படிக்கும் வரி. அவன் "சூப் பொங்கிருச்சு" என்று வைத்துவிட்டான். கணினி அடுத்த எண்ணைச் சுற்றத் தொடங்கியது. நெல்டா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

கோரினின் சாவைப் பற்றி கார்வினில் ஒரே கதைதான் உண்டு. ஒப்பந்தம் வேலையைத் தின்றது, வேலையோடு மருத்துவக் காப்பீடு போனது, காப்பீடு போனதால் கோரின் போனாள். அந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. நீதிமன்றத்து வாசலில் தொழிற்சங்கம் ஊர்வலம் நடத்தியபோது டுவேன் மனைவியின் படத்தை அட்டையில் ஒட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. இப்போது பசிபிக் நாடுகளோடு புது ஒப்பந்தம் என்று பேச்சு அடிபட ஆரம்பித்ததும் அதே அட்டையைப் பரணிலிருந்து இறக்கியிருப்பதாகக் கேள்வி.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது நெல்டா தனக்குள் சொல்லிக்கொண்டாள்: பாவம் மனுஷன். உண்மையில் அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரக்கத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது. சூடாக, நாணயம்போல் தட்டையாக. இத்தனை வருடம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு யாரோ கையில் திணித்துவிட்டுப் போன ஒன்று. அதை வெளியே எடுத்துப் பார்க்கவே கூடாது என்று நினைத்தாள். ராத்திரி சாப்பிடும்போதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இன்னும் ஒன்றை அவள் அறிவாள். யாரிடமும் சொல்லாத ஒன்று. ஹுவாரெஸில் அந்த ஆறு வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். இருபத்தைந்து வருடத்தில் அப்படி இருந்ததில்லை. காலையில் இருபது பெண்கள் அவள் மேசையைச் சுற்றி நின்று அவள் விரல்களைப் பார்ப்பார்கள். ஒஃபேலியா என்ற சின்னப் பெண், நெல்டா நாடா சுற்றும் வேகத்தைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள். கார்வினில் அவள் கைகளை யாரும் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் அதே கைகள். தன் ஊரின் சோற்றை எடுத்து வேறு ஊரின் தட்டில் வைத்த அந்த நாட்களில், ஒவ்வொரு காலையும் அவள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஊரார் கேலி செய்தபோது அவள் கோபப்படாமல் சிரித்ததற்குக் காரணம் அதுதான். அவர்கள் நினைத்ததைவிட அவள் செய்த தப்பு பெரிது.

ஆகவே டுவேன் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. இந்த ஊரில் வேறு யாருக்கு அது புரிந்திருக்கும்?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சங்கக் கட்டடத்தில் மீன் விருந்து. தொழிற்சாலை இல்லை, சங்கமும் பேருக்குத்தான், ஆனால் மீன் மட்டும் நிற்கவில்லை. அந்த வாரம் மாலை ஐந்தரைக்கு நெல்டா போனபோது வரிசை வாசல்வரை இருந்தது. டுவேன் எண்ணெய்க் கொப்பரைக்குப் பின்னால் ஏப்ரனோடு நின்றான். பக்கத்தில் ஆர்லீன், முட்டைக்கோஸ் சாலட்டைக் கரண்டியால் அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் சீட்டுக் கிழித்த ஸ்டூ, ஒரு கையில் பத்திரிகையை வைத்துக்கொண்டு, அதில் வந்திருந்த வேறொரு கணிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான்.

"கேட்டுக்கோங்கப்பா. நூத்துக்கு அம்பத்தெட்டு பேர் ஒப்பந்தம் நாட்டுக்கு நல்லதுன்னு சொல்றாங்களாம்!"

"எவன்டா அந்த அம்பத்தெட்டு?" என்றது ஒரு குரல்.

"கலிஃபோர்னியாவுல கடலப் பாத்துட்டு உக்காந்திருக்கறவன்."

"வீட்டு நாயையும் எண்ணியிருப்பாங்க" என்றாள் ஆர்லீன்.

சிரிப்பு அடங்கியதும் டுவேன் சல்லிக் கரண்டியை உயர்த்தினான். "எல்லாம் கட்டுக்கதை. நாப்பது வருஷமா இந்த ஊர்ல போன் வச்சிருக்கேன். ஒருத்தனாவது என்னக் கூப்பிட்டுக் கேட்டிருக்கானா? ஒரே ஒருத்தன்?"

நெல்டா வரிசையில் ஆறாவது ஆள். அவன் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குக் காது சூடானது. பொய் சொல்கிறான், எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. வழக்கமான முகம்தான், அதில் பகை ஒன்றும் இல்லை.

"அடடே, சென்யோரா வந்துட்டாங்க! வழி விடுங்க, வழி விடுங்க. இவங்க மீனுக்கு மட்டும் சுங்க வரி கிடையாது!"

எல்லோரும் சிரித்தார்கள். வருடத்துக்கு ஆறு வெள்ளிக்கிழமை, பதினேழு வருடம். ஒரே ஜோக்.

"ஸ்டூ, புள்ளிவிவரத்த என்கிட்டயா கேக்கற?" என்றான் டுவேன். "சென்யோராவக் கேளு. மாலுக்குள்ள உக்காந்து இவங்கதானே ஊருக்கெல்லாம் போன் போடறாங்க. என்ன சென்யோரா, மெக்சிகோவுக்கும் போன் போட்டு எண்ணிட்டீங்களா?"

அவள் வாயைத் திறந்தபோது என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. இதைப் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்தாள். தெரியாது என்பது உண்மைதானா என்றும் நினைத்துப் பார்த்தாள். வெளியே வந்தது நெல்டாவின் குரல் அல்ல. நிதானமான, சுத்தமான, யாரையும் வெறுக்காத குரல்.

"வணக்கம் சார், என் பெயர் ஜாய்ஸ். உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் நன்மை என்று சொன்னீர்கள். நிச்சயமாக நன்மையா, ஓரளவுக்கு நன்மையா?"

கூடம் சிரிப்பில் வெடித்தது. "அடேங்கப்பா, அப்படியே டிவிக்காரி மாதிரி!" என்று ஆர்லீன் கைதட்டினாள். "டுவேன், பதில் சொல்லுடா! மேடம் கேக்கறாங்கல்ல?"

டுவேன் சிரிக்கவில்லை. சல்லிக் கரண்டி கையில் அப்படியே நின்றது. அவன் முகத்தில் இருந்த சிவப்பு மேலிருந்து கீழாக இறங்கிப் போவதை நெல்டா பார்த்தாள், தண்ணீர் வடிவதுபோல. அவளையே பார்த்தான். அவளை அல்ல, அவள் வாயை.

"சொல்லுப்பா, நன்மையா தீங்கா?" என்று ஸ்டூ வாசலிலிருந்து கத்தினான்.

அப்போதுகூட அவள் நிறுத்தியிருக்கலாம். சும்மா விளையாட்டு என்று கையை ஆட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். பதில் சொல்பவர் தயங்கினால் ஐந்து விநாடி காத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"தீங்கு" என்றான் டுவேன். குரல் உடைந்து, மறுபடி கூடியது. "நிச்சயமா தீங்கு. என் பொண்டாட்டி செத்தா. எனக்குன்னு அதுல ஒரு நல்லதும் இல்ல. ஒரு நாளும் இல்ல."

கைதட்டல் கூரையை முட்டியது. யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். ஆர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எண்ணெயில் கிடந்த மீன் கருகி, புகை எழும்பி, "டேய், மீனு!" என்று யாரோ கத்தியபோதுதான் அவன் குனிந்தான்.

அவள் முறை வந்தது. அவன் நல்ல துண்டுகளாகப் பார்த்து எடுத்தான். மூன்று. உருளைக்கிழங்கு, எலுமிச்சைத் துண்டு, ரொட்டி. எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, பெட்டியை மூடி, அது திறந்துகொள்ளாதபடி ஒரு பக்கத்தை விரலால் அழுத்திவிட்டு நீட்டினான்.

"இந்தாங்க, மேடம்" என்றான்.

காரில் உட்கார்ந்து அவள் மீனைத் திறக்கவில்லை. ஒரு மனிதனை, அவன் மனைவியோடு வாழ்ந்த நான்கு வருடங்களை நாற்பது பேருக்கு முன்னால் இல்லையென்று சொல்ல வைத்திருக்கிறாள். ஒருவருக்கும் அது தெரியாது. கைகுலுக்கி வழியனுப்பினார்கள். "நல்லாப் பேசின நெல்டா, அடுத்த வாரமும் செய்" என்றார்கள். ஊர் முதல் தடவையாக அவளோடு சேர்ந்து சிரித்திருக்கிறது. சென்யோரா என்ற சொல் இனி வராது என்றும் அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சொல் போனதில் நிம்மதி வரவில்லை. கேலி செய்யும்போதும் அது அவளுக்கென்று அவன் வைத்திருந்த பெயர். கொஞ்சம் நெருக்கம் இருந்த பெயர். இப்போது அவள் வெறும் மேடம்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் ஷெரீஸ் அவள் மேசைக்கு வந்தாள். முப்பது வயது, எப்போதும் காதில் பென்சில்.

"ஜாய்ஸ், உங்க புதன்கிழமை ஆள் ஒருத்தர் இலவச எண்ணுக்குக் கூப்பிட்டிருக்காரு. பதில மாத்தணுமாம்."

"மாத்தலாமா?"

"தப்பா பதிஞ்சிருந்தா திருத்தலாம். ஆனா கேட்டவங்களேதான் திரும்பக் கேக்கணும். அவரும் ஜாய்ஸ்தான் வேணும்னு சொன்னாரு." ஷெரீஸ் இன்னொரு ஹெட்போனை அவள் இயந்திரத்தில் செருகினாள். "நான் கேட்டுட்டு இருப்பேன், பயப்படாதீங்க. வழக்கம்தான்."

எனக்கு அவரைத் தெரியும் என்று சொல்ல அதுதான் நேரம். சொன்னால், புதன்கிழமையே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நெல்டா எண்ணைச் சுற்றினாள். அந்தக் காரணத்துக்காகச் சுற்றினாளா, அவன் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காகவா, அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"பேசுங்க" என்றான் டுவேன். கத்தவில்லை. காதில் விழுகிறது என்று சொல்லவில்லை.

திரையில் புதன்கிழமைப் பதிவு திறந்திருந்தது. அவள் தட்டச்சு செய்த வரிகள். மூன்று இழை. எவ கையிலயோ. இதை எழுதாதீங்க, மேடம்.

"வணக்கம் சார், என் பெயர் ஜாய்ஸ். நீங்கள் ஒரு பதிலைத் திருத்த விரும்புவதாக அறிகிறேன்."

"ஆமா."

"உங்களையும் உங்கள் குடும்பத்தையும் எடுத்துக்கொண்டால், இந்த ஒப்பந்தங்கள்..." ஷெரீஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நன்மை செய்திருக்கின்றனவா, தீங்கு செய்திருக்கின்றனவா?"

"தீங்கு. நிச்சயமா. அதையும் கேப்பீங்க, அதான் முன்னாலயே சொல்லிட்டேன்."

"ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? உங்கள் சொந்த வார்த்தைகளில்..."

"காரணம் ஒண்ணும் இல்ல. அப்படியே எழுதுங்க. காரணம் ஒண்ணும் இல்ல."

புதிதாக எழுத வேண்டுமானால் பழையதை முதலில் அழிக்க வேண்டும். கர்சர் கோரினின் பெயருக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. நெல்டா குனிந்தாள். கண்ணாடியில் தன் கால்கள், பக்கத்தில் ஷெரீஸின் கால்கள்.

"டுவேன்" என்றாள். நெல்டாவின் குரல், முண்டியடித்துக்கொண்டு வரும் குரல். "நான் நெல்டா."

"தெரியும்."

"அன்னிக்கே எனக்குத் தெரியும். நீதான்னு. போன வச்சிருக்கணும். வைக்கல."

ஷெரீஸின் கை அவள் தோளில் விழுந்தது, முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக.

"மன்னிச்சுருன்னு கேக்க எனக்கு வாய் வரல, டுவேன். நான் ஒண்ணு சொல்றேன், கேளு. ஹுவாரெஸ்ல ஆறு வாரம் இருந்தேன்ல. வேலைக்குப் போன காலத்துலயே அந்த ஆறு வாரம்தான் நான் சந்தோஷமா இருந்தேன். நீங்கள்லாம் இங்க கடைசி மாசக் கூலிய எண்ணிட்டு இருந்தப்ப, நான் அங்க லிப்ஸ்டிக் போட்டுட்டு வேலைக்குப் போனேன். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

அவள் ஐந்துவரை எண்ணினாள், பிறகு எண்ணுவதை விட்டாள்.

"இத யாராவது எழுதிக்கறாங்களா?" என்றான் டுவேன்.

"இல்ல. ஆனா ஒருத்தங்க கேட்டுட்டு இருக்காங்க."

"ஓ." ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "வெள்ளிக்கிழமை எல்லாரும் கைதட்டினாங்க, நெல்டா. வீட்டுக்கு வந்து அவ படத்துக்கு முன்னால என்னால உக்கார முடியல. திருப்பி வச்சிருக்கேன்."

நெல்டா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ எனக்குச் செஞ்சதுக்கு ஈடா இதச் சொல்ற. ஈடாகாது."

"ஆகாதுன்னு தெரியும்."

"சரி. தெரிஞ்சா சரி" என்றான். இணைப்பு அறுந்தது.

ஷெரீஸ் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கோபத்தைவிட அவள் முகத்தில் சங்கடம்தான் அதிகம். கதவைத் தட்டாமல் ஓர் அறைக்குள் நுழைந்துவிட்டவளின் சங்கடம்.

"தெரிஞ்ச ஆளா இருந்தா எந்த எண்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏழு."

"அதப் போட்டா ரெண்டு பதிவும் போயிரும். பழசும் புதுசும். அவர் எந்தப் பக்கமும் இருக்க மாட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் நீங்க வீட்டுக்குப் போங்க, நெல்டா. நாளைக்கும் வர வேண்டாம். என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது."

அந்த அறையில் முதல் தடவையாக ஒருவர் அவளைச் சொந்தப் பெயரால் அழைத்திருந்தார்.

டுவேன் அந்த நான்கு வருடத்தைப் பற்றி வாய்திறந்து சொன்னது உலகத்தில் இந்த ஓர் இடத்தில்தான். வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டும் அவள் எழுதி வைத்திருந்தாள். நெல்டா அதை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை படித்தாள். படிக்க உரிமை இல்லை என்று தெரிந்தே படித்தாள். நர்ஸ் பின்னினா பிடிக்காது, கண்ணால காட்டுவா. பிறகு புதன்கிழமை விரல் போய் நின்ற அதே இடத்துக்கு விரலைக் கொண்டுபோனாள்.

ஏழாம் எண்ணை அழுத்தியதும் திரை கேட்டது: நிச்சயமாக நீக்கவா?

ஆம் என்று அழுத்தினாள். வரிகள் போயின. வெற்றுக் கட்டம் ஒரு கணம் வெளிச்சமாக நின்றது. யார் எதற்காக அழுதாலும் கணினிக்கு வேலை நிற்காது. அது அடுத்த எண்ணைச் சுற்ற ஆரம்பித்தது. எங்கோ ஒரு வீட்டில் மணி அடித்தது. நெல்டா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதிலிருந்து ஒரு பெண்குரல், "ஹலோ? யாரு?" என்று கேட்டது. "யாருங்க பேசறது?" என்று மறுபடியும் கேட்டது.

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை வரிசையாகப் பதித்திருந்த கண்ணாடிகளில் அவள் கால்கள் ஒவ்வொன்றிலும் தோன்றித் தோன்றிப் போயின. அவற்றைப் பார்க்காமல் நடக்க அவளால் முடியவில்லை.